டைபாய்டு தடுப்பூசி: கணவனும் மனைவியும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு



குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் உடனே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். கையில் பணம் இல்லாவிட்டால் காதில் கிடக்கும் தோட்டைக் கழற்றி அடகு வைத்தாவது வைத்தியம் பார்க்கிறோம். ஆனால் அதே குழந்தை தெருவில் ஓடியாடி விளையாடிக்கொண்டிருக்கும்போது, "வாங்க, ஒரு ஊசி போட்டுக்கிட்டு வந்துடலாம்" என்று நர்ஸ் அம்மா கூப்பிட்டால் நமக்குக் கால் எழும்புவதில்லை. "நல்லா இருக்கிற பிள்ளைக்கு எதுக்குங்க ஊசி?" என்று கேட்கிறோம்.

நன்றாக இருக்கும் பிள்ளைக்குப் போடுவதற்குத்தான் தடுப்பூசி என்றே பெயர். காய்ச்சல் வந்து படுத்த பிறகு அந்த ஊசி அந்தக் காய்ச்சலைத் தீர்க்காது. டைபாய்டு என்னும் குடற்காய்ச்சலுக்கு அப்படி ஒரு தடுப்பூசி இருக்கிறது. அது என்ன, யாருக்குப் போடலாம், போட்டால் என்ன ஆகும், போட்டுவிட்டால் மட்டும் போதுமா என்பதை இந்தத் துண்டுப் பிரசுரம் சொல்கிறது. ஒருவர் படித்து மற்றவருக்குச் சொல்வதைவிட, இருவரும் சேர்ந்து உட்கார்ந்து படித்தால் நல்லது. ஏன் என்பது கீழே உள்ள சம்பவத்தைப் படித்தால் விளங்கும்.

ஒரு வீட்டில் நடந்தது

என் பணிக்காலத்தில் நான் பார்த்த ஒரு குடும்பம். கணவர் வெளியூரில் கட்டட வேலை. மனைவி ஊரில் இரண்டு பிள்ளைகளோடும் ஒரு கறவை மாட்டோடும் இருந்தார். பொங்கலுக்கு ஊருக்கு வந்த கணவருக்குக் காய்ச்சல். டைபாய்டு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. மீதி மாத்திரையை மாடத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

மூன்று வாரம் கழித்து ஏழு வயது மூத்த பையனுக்குக் காய்ச்சல். "சாதாரண ஜுரம்தான்" என்று கடை மாத்திரையிலேயே பத்து நாள் ஓட்டினார்கள். மூன்றாவது வாரத்தில் பையனுக்கு வயிறு கல்லுப் போல இறுகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது குடலில் ஓட்டை விழுந்திருந்தது. அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து பிழைக்க வைத்தார்கள். வைத்தியம் இலவசந்தான். ஆனால் இரண்டு மாதம் இரண்டு பேருக்கும் கூலி இல்லை. கறவை மாடு விலைபோயிற்று. பையனுக்கு ஒரு வருஷப் படிப்பு போயிற்று.

அந்தத் தாய் என்னிடம் சொன்னது இதுதான்: "ஊசி போடலாம்னு முன்னாடியே சொன்னாங்க சார். அவங்க அப்பாகிட்ட கேட்டுச் சொல்றேன்னேன். போன்ல கேட்டா, ஊருக்கு வந்ததும் பார்த்துக்கலாம்னார். பொங்கலுக்கு வந்தாரு, நாங்க ரெண்டு பேருமே அதை மறந்துட்டோம்."

ஊசி போட்டிருந்தால் அந்தப் பையனுக்கு நோய் வந்தே இருக்காது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். வராமல் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்று மட்டும் சொல்ல முடியும். அந்த வீட்டில் யாரும் ஊசி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வதிலேயே நாள் போய்விட்டது.

டைபாய்டு என்றால் என்ன?

டைபாய்டு ஒரு கிருமியால் வரும் காய்ச்சல். காற்றாலோ, கண்திருஷ்டியாலோ, சூட்டாலோ வருவதில்லை. இந்தக் கிருமி மனிதனிடம் மட்டுமே வாழ்வது. ஆடு மாடுகளிடமிருந்து வருவதில்லை. நோயாளியின் மலத்திலும் சில சமயம் சிறுநீரிலும் வெளியேறி, தண்ணீரிலோ உணவிலோ கலந்து இன்னொருவர் வாய்க்குள் போகிறது. சுருக்கமாகச் சொன்னால், ஒருவர் மலம் இன்னொருவர் வாய்க்குப் போனால்தான் இந்த நோய். கேட்க அருவருப்பாக இருந்தாலும் உண்மை அதுதான்.

கிருமி உள்ளே போய்ப் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு வாரத்தில் காய்ச்சல் தொடங்கும். முதல் நாளே கொதிக்காது. படிப்படியாக ஏறி, பிறகு இறங்காமல் நிற்கும். தலைவலி, அசதி, பசியின்மை, வயிற்று வலி இருக்கும். நாக்கில் வெள்ளையாக மாவு படியும். பெரியவர்களுக்கு மலச்சிக்கலும் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கும் வரலாம். கவனிக்காமல் விட்டால் இரண்டு மூன்று வாரத்தில் குடல் புண்ணாகி இரத்தம் கசியலாம், ஓட்டையும் விழலாம். மருந்தே இல்லாத காலத்தில் நோய் கண்ட பத்துப் பேரில் ஒருவரோ இருவரோ இறந்தார்கள். இன்று தக்க சிகிச்சை கிடைத்தால் நூற்றில் ஒருவர்கூட இறக்க வேண்டியதில்லை.

"நாம கிராமத்துல இருக்கோம், இது டவுன் வியாதிதானே?" என்று சிலர் கேட்பார்கள். நெருக்கமான நகர்ப்புறங்களில் இந்நோய் அதிகம் என்பது உண்மைதான். ஆனால் இன்று எந்தக் கிராமம் தனியாக இருக்கிறது? கணவர் வெளியூரில் வேலை செய்கிறார். பிள்ளை பஸ் ஏறிப் பள்ளிக்கூடம் போகிறது. திருவிழாவில் ஐஸ் வாங்கிச் சாப்பிடுகிறது. ஆளோடு ஆளாகக் கிருமியும் ஊருக்கு வந்து சேர்கிறது.

நோய் தெரியாமலே கிருமி சுமப்பவர்

டைபாய்டு வந்து குணமான நூறு பேரில் ஒருவர் முதல் ஐந்து பேர் வரை, பித்தப்பையில் கிருமியை நீண்ட காலம் சுமந்துகொண்டிருப்பார்கள். அவர்களுக்குக் காய்ச்சல் இராது, வலி இராது. ஆனால் மலத்தில் கிருமி போய்க்கொண்டே இருக்கும். அமெரிக்காவின் நியூயார்க் நகரில் மேரி மாலன் என்ற சமையற்காரப் பெண் அப்படி ஒருவர். அவர் சமைத்த வீடுகள் பலவற்றில் டைபாய்டு வந்ததை 1907-ல் கண்டுபிடித்தார்கள். அவரோ தமக்கு நோயே இல்லை என்று கடைசி வரை சொன்னார்.

இதைச் சொல்வது யாரையும் குற்றம் சாட்ட அல்ல. "சமைக்கிறவ கையாலதான் நோய் வந்தது" என்று மருமகளை ஏசுவதற்கும் அல்ல. யார் சுமக்கிறார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே வீட்டில் எல்லோரும், ஆண்களும் சேர்த்து, மலங்கழித்த பின்பும் சாப்பாட்டைத் தொடும் முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

மருந்து இருக்கும்போது ஊசி எதற்கு?

நியாயமான கேள்வி. 1948-ல் குளோராம்பெனிகால் என்ற மருந்து டைபாய்டைத் தீர்க்கும் என்று தெரிந்தபோது, இனி இந்நோய்க்குப் பயமில்லை என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் கிருமி சும்மா இருக்கவில்லை. மருந்தைப் பாதியில் நிறுத்தியதாலும், தேவையில்லாத காய்ச்சலுக்கெல்லாம் வாங்கி விழுங்கியதாலும், மருந்துக்குச் சாகாத கிருமிகள் பெருகின. 1990-களுக்குள் அந்தப் பழைய மருந்துகள் பல இடங்களில் பலிக்கவில்லை. அடுத்து வந்த மாத்திரைகளும் வலு குறைந்தன. 2016-ல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில், அதற்கும் மேலான ஊசி மருந்துக்கும் மசியாத டைபாய்டு பரவத் தொடங்கியது. மருத்துவர் கையில் மிஞ்சிய மருந்துகள் சிலவே. 2019-ல் அந்த நாடு டைபாய்டு தடுப்பூசியைக் குழந்தைகளின் வழக்கமான அட்டவணையிலேயே சேர்த்துவிட்டது.

மருந்து உண்டு என்பது உண்மைதான். ஆனால் அது எல்லாக் காலத்துக்கும் இப்படியே இருக்கும் என்று நம்பியிருக்க முடியாது. நோய் வராமல் தடுத்துவிட்டால் மருந்தின் தேவையும் குறையும், மருந்தின் வலுவும் நீடிக்கும்.

அந்தக் காலத்து ஊசியும் இன்றைய ஊசியும்

டைபாய்டு ஊசி என்றதும் வீட்டுப் பெரியவர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். "எனக்குப் போட்டப்போ கை வீங்கி ரெண்டு நாள் ஜுரம் அடிச்சுது" என்பார்கள். அவர்கள் சொல்வது பொய்யல்ல. 1896-லிருந்தே டைபாய்டு ஊசி உண்டு. கொன்ற கிருமியை முழுதாக அப்படியே போட்ட ஊசி அது. நம் நாட்டில் 1978-ல் தொடங்கிய தடுப்பூசித் திட்டத்திலும் அது இருந்தது. காய்ச்சலும் வீக்கமும் அதிகம், பலனோ குறைவு என்று 1981-ல் திட்டத்திலிருந்து நீக்கினார்கள்.

இன்றைய ஊசி அதுவல்ல. டைபாய்டுக் கிருமி தன்மேல் ஒருவகைச் சர்க்கரைப் பொருளால் ஆன போர்வையைப் போர்த்திக்கொண்டிருக்கிறது. (இது நாம் காப்பியில் போடும் சர்க்கரை அல்ல.) அந்தப் போர்வையை மட்டும் எடுத்து ஊசியாகச் செய்தார்கள். திருடனைக் கொண்டுவராமல், அவன் போர்த்திவரும் போர்வையை மட்டும் காவல்காரனுக்குக் காட்டி வைப்பது போல. பிறகு உண்மையான கிருமி வந்தால் உடம்பு அடையாளம் கண்டு அடித்துவிடும்.

இதில் இரண்டு வகை உண்டு.

முதல் வகை, போர்வை மட்டும் உள்ள சாதாரண ஊசி. இதை இரண்டு வயது நிறைந்தவர்களுக்குத்தான் போடலாம். அதற்குச் சிறிய குழந்தையின் உடம்பு அந்த அடையாளத்தை நினைவில் வைத்துக்கொள்ளாது. பெரியவர்களுக்கும் பாதுகாப்பு மெல்லக் குறைவதால் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி போட வேண்டும்.

இரண்டாம் வகை, இணைப்புத் தடுப்பூசி. போர்வைப் பொருளை ஒரு புரதத்தோடு இணைத்திருப்பார்கள். அந்த இணைப்பினால் கைக்குழந்தையின் உடம்பும் அடையாளத்தை நன்றாகக் கற்றுக்கொள்கிறது. இந்த வகை ஊசி ஒன்று 2013-ல் நம் நாட்டிலேயே தயாராகி அனுமதி பெற்றது. 2018-ல் உலக சுகாதார நிறுவனம், டைபாய்டு உள்ள நாடுகளில் ஆறு மாதக் குழந்தை முதல் இதைப் போடலாம் என்று பரிந்துரைத்தது. அதே ஆண்டு நவி மும்பை நகராட்சி 9 மாதம் முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இதைப் போட ஆரம்பித்தது.

பலன் எவ்வளவு? நேபாளம், வங்கதேசம், ஆப்பிரிக்காவின் மலாவி ஆகிய நாடுகளில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஊசி போடாத பிள்ளைகளில் பத்துப் பேருக்கு டைபாய்டு வந்தால், போட்டுக்கொண்ட அதே எண்ணிக்கைப் பிள்ளைகளில் சுமார் இரண்டு பேருக்குத்தான் வந்தது. மலாவியில் நான்கு ஆண்டு கடந்தும் பாதுகாப்பு பெருமளவு நீடித்தது.

யாருக்கு, எப்போது போடலாம்?

இணைப்புத் தடுப்பூசியை ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்குப் போடலாம். ஒன்பதாம் மாதத்தில் தட்டம்மை ஊசிக்குப் போகும் அன்றே, வேறு இடத்தில் இதையும் போட்டுக்கொள்ளலாம். குழந்தைக்குத் தொடையிலும், பெரிய பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் மேல்கையிலும் போடுவார்கள். ஒரே ஒரு ஊசிதான். மேற்கொண்டு எப்போதாவது போட வேண்டுமா என்பதை மருத்துவர் சொல்வார்.

பெரிய பிள்ளையாகிவிட்டதே என்று விட வேண்டாம். பள்ளி போகும் வயதுப் பிள்ளைகளைத்தான் இந்நோய் அதிகம் பிடிக்கிறது. வெளியூரில் தங்கி, ஓட்டலில் சாப்பிட்டு வேலை செய்யும் கணவரும் போட்டுக்கொள்வது நல்லது. ஏற்கெனவே டைபாய்டு வந்தவருக்கும் மறுபடி வரலாம். குணமான பின் எப்போது போடலாம் என்று மருத்துவரைக் கேளுங்கள்.

கடும் காய்ச்சல் உள்ள நாளில் போட வேண்டாம், தணிந்த பின் போடலாம். முன்பு இதே ஊசிக்கு மூச்சுத்திணறல், உடம்பெல்லாம் தடிப்பு போன்ற ஒவ்வாமை வந்தவர்கள் போடக் கூடாது. கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் போட வேண்டாம்.

நம் அரசின் இலவச அட்டவணையில் உள்ள காசநோய், போலியோ, தட்டம்மை போன்ற ஊசிகள் எல்லா ஊர்க் குழந்தைக்கும் கிடைக்கின்றன. டைபாய்டு ஊசி கிடைக்கும் இடமும் விலையும் ஊருக்கு ஊர் மாறும். உங்கள் கிராம சுகாதார செவிலியரையோ ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரையோ கேட்டால், எங்கே, எந்த வகை, என்ன செலவு என்று சொல்வார்கள். பணம் கொடுத்துப் போடும்படி நேர்ந்தால், மூன்று வாரக் கூலியோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு இருவரும் முடிவு செய்யுங்கள்.

ஊசி போட்ட பின்

போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருங்கள். போட்ட இடத்தில் வலி, சிவப்பு, லேசான காய்ச்சல் ஓரிரு நாள் இருக்கலாம். பயப்பட வேண்டாம். நர்ஸ் அம்மா சொன்ன அளவில் பாராசிட்டமால் கொடுத்தால் போதும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. ஊசி போட்ட இடத்தில் மஞ்சள், சுண்ணாம்பு, எண்ணெய் எதுவும் தடவக் கூடாது. பாதுகாப்பு உருவாக இரண்டு வாரம் போல ஆகும். தேதியை அட்டையில் எழுதச் சொல்லி வாங்கி, ரேஷன் கார்டோடு பத்திரமாக வையுங்கள்.

ஊசி மட்டும் போதுமா?

போதாது. இந்த ஊசி டைபாய்டை மட்டுந்தான் தடுக்கும். அதன் தம்பி போன்ற பாராடைபாய்டையோ, காலராவையோ, மஞ்சள் காமாலையையோ, சாதாரண வயிற்றுப்போக்கையோ தடுக்காது. இவை அனைத்தும் வரும் வழி ஒன்றுதான்: அசுத்தமான தண்ணீர், அசுத்தமான கை. "அதான் ஊசி போட்டாச்சே" என்று அந்த வழியைத் திறந்து போட்டுவிடாதீர்கள்.

குடிதண்ணீரைக் கொதிக்க வைத்து, அதே பாத்திரத்தில் ஆற வைத்து, மூடி வையுங்கள். குடத்துக்குள் கையை விடாமல் நீண்ட பிடியுள்ள அகப்பையால் மொண்டு எடுங்கள். கக்கூஸ் கட்டியிருந்தால் அதில் விறகு அடுக்காமல் வீட்டார் எல்லோரும் பயன்படுத்துங்கள். புதிதாகக் கட்டும் குழி, கிணற்றிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளி இருக்கட்டும்.

கிணற்றுத் தண்ணீர் குடிப்பவர்கள் அதற்கு பிளீச்சிங் பவுடர் போட வேண்டும். 1000 லிட்டருக்கு நல்ல பவுடர் 2.5 கிராம். கிணற்றின் குறுக்களவை மீட்டரில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்கி, தண்ணீரின் ஆழத்தாலும் பெருக்கி, பிறகு 785-ஆல் பெருக்கினால் எத்தனை லிட்டர் என்று தெரியும். இரண்டு மீட்டர் குறுக்களவும் மூன்று மீட்டர் தண்ணீரும் உள்ள கிணற்றில் சுமார் 9,420 லிட்டர். அதற்கு 24 கிராம் போதும். பவுடரை வாளியில் குழைத்துத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, பத்து நிமிடம் தெளிய விட்டு, மேலே தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் இறக்கிக் கலக்குங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பைக் கொட்டக் கூடாது. ஒரு மணி நேரம் கழித்துத்தான் தண்ணீர் எடுக்க வேண்டும். இரவில் போட்டுக் காலையில் எடுப்பது இன்னும் நல்லது.

காய்ச்சல் வந்துவிட்டால்

ஊசி போட்டிருந்தாலும் சரி, போடாவிட்டாலும் சரி, காய்ச்சல் மூன்று நாளுக்கு மேல் நின்றால் கடை மாத்திரையை நம்பாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். வைடால் என்னும் ஒரு சோதனையை மட்டும் வைத்து டைபாய்டு என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையே மேல். அதற்கு மருந்து தொடங்கும் முன்பே இரத்தம் எடுக்க வேண்டும். காய்ச்சல் விட்டாலும் மருத்துவர் சொன்ன கடைசி மாத்திரை வரை சாப்பிடுங்கள். மாடத்தில் மிஞ்சிய மாத்திரை ஆபத்தானது. வயிறு வீங்கினாலோ, இறுகினாலோ, மலம் கறுப்பாகவோ இரத்தமாகவோ போனாலோ, நோயாளி பிதற்றினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

தம்பதியரே,

வீட்டில் எத்தனையோ காரியங்களைக் கலந்து பேசி முடிவு செய்கிறீர்கள். இன்றிரவு சாப்பாடு முடிந்ததும் இதையும் பேசுங்கள். கணவர் வெளியூரில் இருந்தால் போனிலேயே பேசுங்கள். "வந்தப்புறம் பார்க்கலாம்" என்று வைக்காமல், "நீ கூட்டிட்டுப் போ, நான் சம்மதம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதியை நர்ஸ் அம்மா பார்த்துக்கொள்வார். அடுத்த முறை அவர் உங்கள் தெருவுக்கு வரும்போது, அவர் கேட்கும் வரை காத்திராமல் நீங்களே கேளுங்கள்: "எங்க பிள்ளைக்கு டைபாய்டு ஊசி எங்கே போடலாம்?"